குளுக்கோஸ் தண்ணீரின் நூறாண்டு

வெறும் வயிற்றில் இருப்பவருக்கு அளந்தெடுத்த குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, அது இரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பதே குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை. நூறாண்டுக்கு மேலாகப் புழக்கத்தில் இருந்தும் இதற்கு நல்ல பெயர் கிடையாது. ஒரே ஆளுக்கு இரண்டு வாரம் விட்டு இரண்டு முறை செய்தால் இரண்டு விதமான விடை வரலாம். ஆனால் இந்த நிலையின்மையில்தான் அதன் வரலாறு அடங்கியிருக்கிறது. முந்திய நாள் உணவு, படுத்த படுக்கை, மருந்து, கர்ப்பம், மாலை நேரம் என்று சோதனையைக் கெடுப்பவையாக மருத்துவர்கள் குறித்துவைத்த ஒவ்வொன்றும், இன்சுலின் சுரப்பையோ அதன் வேலையையோ ஆளும் காரணியாகப் பின்னாளில் தெரியவந்தது.

நீரிழிவுக்காரரின் சிறுநீரில் இருக்கும் இனிப்பு சர்க்கரையே என்றும், அவரது இரத்தநீரும் இனிக்கிறது என்றும் 1776இல் லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன் காட்டினார். அதன் பிறகும் நீண்ட காலம் சோதனை சிறுநீரோடு நின்றது. இரத்தத்தில் சர்க்கரையை அளக்க அன்றைய முறைகளுக்கு நிறைய இரத்தம் தேவைப்பட்டதே காரணம். 1889இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் கணையம் அகற்றப்பட்ட நாய்க்கு நீரிழிவு வருவதைக் கண்டார்கள். ஏறத்தாழ அதே சமயத்தில் ஃபிரான்ஸ் ஹோஃப்மைஸ்டர், ஒரு விலங்குக்கு எவ்வளவு சர்க்கரை கொடுத்தால் சிறுநீரில் தென்படுகிறது என்று பார்த்து, அந்த எல்லையை உடலின் ஏற்புத்திறன் என்று வரையறுத்தார். சர்க்கரையைக் கொடுத்து உடலைச் சோதிக்கும் எண்ணம் அங்கிருந்து வருகிறது.

இரத்தத்தின் பக்கம் சோதனை திரும்பியது இவார் பாங்கினால். ஸ்வீடனின் லுண்ட் நகரில் வேலை செய்த அவர், சில துளி இரத்தத்திலேயே சர்க்கரையை அளக்கும் நுண்முறையை 1913 வாக்கில் நிலைநிறுத்தினார். விரல் நுனியில் குத்தி, அரைமணிக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து, வரைபடத் தாளில் கோடு போடுவது அதற்குப் பிறகே சாத்தியமாயிற்று. நலமாக உள்ளவரிடம் கோடு அரைமணியிலிருந்து ஒரு மணிக்குள் உச்சிக்கு ஏறி, இரண்டு மணிக்குள் தொடங்கிய இடத்துக்கு அருகே இறங்கிவிடும். நீரிழிவுக்காரரிடம் அது உயரமாக ஏறும், தாமதமாக இறங்கும். 1920களில் இந்தக் கோடு உலகெங்கும் மருத்துவமனைப் பதிவேடுகளில் இடம்பிடித்தது.

இடம்பிடித்த உடனேயே சிக்கலும் வந்தது. 1921இல் ஸ்டாப், அடுத்த ஆண்டு டிராகோட் என்ற இருவரும் தனித்தனியே ஒரு விந்தையைப் பதிவு செய்தார்கள். குளுக்கோஸ் கொடுத்துச் சில மணி நேரத்தில் அதே அளவை மீண்டும் கொடுத்தால், இரண்டாம் முறை இரத்தச் சர்க்கரை அவ்வளவு ஏறுவதில்லை. முதல் வேளை உணவு அடுத்த வேளைக்கு உடலைத் தயார் செய்துவிடுகிறது என்றே இதற்குப் பொருள். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட அதே ஆண்டுகளில் வந்த இந்தக் கவனிப்பு, அந்தப் பெரும் கண்டுபிடிப்பின் வெளிச்சத்தில் ஓரமாய்ப் போயிற்று. 1922 ஜனவரியில் டொராண்டோவில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. 1923இல் பான்டிங்குக்கும் மக்லியோடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நீரிழிவு என்றால் இன்சுலின் இல்லாமை, அவ்வளவுதான் என்ற எளிய விளக்கம் அடுத்த நாற்பது ஆண்டுகள் கோலோச்சியது. இருக்கும் இன்சுலினை எது தூண்டுகிறது, எது தடுக்கிறது என்ற கேள்வியைப் பெரும்பாலோர் கேட்கவே இல்லை.

கேட்டவர்கள் உணவு வழியாகக் கேட்டார்கள். பட்டினி போட்ட நாய்க்கு மாவுப்பொருள் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை தென்படுவதை ஹோஃப்மைஸ்டரே 1890இல் கண்டு, பசி நீரிழிவு என்று பெயரிட்டிருந்தார். நெடுநாள் பசித்த உடல் சர்க்கரையைக் கண்டதும் பாய்ந்து விழுங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது அதற்கு நேர்மாறு. 1927இல் அமெரிக்க மருத்துவர் ஸ்வீனி இதை மனிதரிடம் சோதித்தார். நல்ல உடல்நலமுள்ள மருத்துவ மாணவர்களைப் பிரித்து, இரண்டு நாள் ஒரு பிரிவுக்கு மாவுச்சத்து, ஒரு பிரிவுக்குக் கொழுப்பு, ஒரு பிரிவுக்குப் புரதம், ஒரு பிரிவுக்குப் பட்டினி என்று வைத்து, பிறகு குளுக்கோஸ் கொடுத்தார். மாவுச்சத்து உண்டவர்களின் கோடு தாழ்வாகவும் ஒழுங்காகவும் இருந்தது. கொழுப்பு உண்டவர்களும் பட்டினி கிடந்தவர்களும் நீரிழிவுக்காரர்களைப் போலத் தோன்றினார்கள். இரண்டே நாள் சாப்பாடு ஒரு நோயின் சாயலைக் கொண்டுவந்துவிட்டது.

இதற்கு விளக்கம் தேடியவர்களில் முதன்மையானவர் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த். குளுக்கோஸை வாய்வழியாகவும் இன்சுலினைச் சிரைவழியாகவும் ஒரே சமயத்தில் கொடுத்து, ஒரே அளவு இன்சுலின் ஆளுக்கு ஆள் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தார். மாவுச்சத்து மிகுந்த உணவு இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மையைக் கூட்டுவதைக் கண்டார். நீரிழிவுக்காரர்களைச் சோதித்தபோது, அவர்களில் ஒரு சாராருக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்தது, இன்னொரு சாராருக்குச் செய்யவில்லை. 1936இல் இதை வெளியிட்டு, இரு வகை நீரிழிவு உண்டு என்று வாதிட்டார். இன்று முதல் வகை, இரண்டாம் வகை என்று சொல்லும் பிரிவின் வேர் இந்தக் கட்டுரையில் இருக்கிறது. அவர் கண்டது சரி, ஆனால் முழுமையன்று. உணவின் விளைவு முழுவதையும் இணங்கும் தன்மையின் கணக்கிலேயே எழுதிய அவர், பட்டினியில் கணையத்தின் சுரப்பும் மந்தமாகிறது என்பதைப் பார்க்க வழியில்லாமல் இருந்தார். இன்சுலினை அளக்கும் கருவி அன்று யாரிடமும் இல்லை. கொழுப்பின் பங்கு 1963இல் தெளிவானது: கொழுப்பு அமிலங்களை எரித்துக்கொண்டிருக்கும் தசை குளுக்கோஸை எரிப்பதைக் குறைத்துக்கொள்கிறது என்று பிலிப் ராண்டிலும் சகாக்களும் காட்டினார்கள்.

நடைமுறைத் தீர்வு 1940இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரிலிருந்து வந்தது. சோதனைக்கு முந்திய மூன்று நாளும் நாளுக்கு 300 கிராம் மாவுச்சத்து உண்டவரையே சோதிக்க வேண்டும் என்று ஜெரோம் கான் வலியுறுத்தினார். பிற்காலத்தில் இந்த அளவு 150 கிராமாகக் குறைந்தது. மூன்று வேளையும் அரிசி உண்ணும் தமிழ்நாட்டில் அந்த 150 கிராம் தானாகவே வயிற்றுக்குப் போய்விடுகிறது. ஆகவே இங்கே இந்த விதியை எவரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் பேலியோ, கீட்டோ உணவுமுறைக்குப் போனவர்களும், காய்ச்சலில் கஞ்சி மட்டும் குடித்துக் கிடந்தவர்களும் சோதனைக்கு வரும்போது கானின் எச்சரிக்கை மீண்டும் உயிர்பெறுகிறது.

உணவுக்கு அடுத்தபடி அசைவு. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த நோயாளிகளுக்குச் சர்க்கரை தாங்கும் திறன் குறைவதை 1945இல் ப்ளாட்னர் பதிவு செய்தார். ஏன் என்பது பின்னால் தெரிந்தது. குளுக்கோஸைப் பெருமளவு வாங்கிக்கொள்வது எலும்புத் தசைகள். உழைக்கும் தசை இன்சுலின் சொல்லாமலே குளுக்கோஸை உள்ளே விடும், உழைத்து முடிந்த பிறகும் சில மணி நேரம் இன்சுலினுக்கு எளிதில் இணங்கும். ஓய்ந்த தசை இரண்டையும் இழக்கிறது. காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, கடும் மன அழுத்தம் ஆகியவற்றில் வேறொரு கதவு மூடுகிறது. அப்போது பெருகும் அட்ரினலின், கணையத்தில் இன்சுலின் தரும் பீட்டா செல்களின் சுரப்பையே தடுக்கிறது என்று 1966இல் டேனியல் போர்ட் காட்டினார். உடன் பெருகும் கார்டிசால் கல்லீரலைக் குளுக்கோஸ் செய்யத் தூண்டி, தசையை இன்சுலினுக்கு எதிராக நிறுத்துகிறது. கார்டிசாலின் நெருங்கிய உறவான கார்டிசோனுக்கும் உள்ள இந்தக் குணத்தை 1954இல் ஃபாயன்ஸும் கானும் வேண்டுமென்றே பயன்படுத்தினார்கள். குளுக்கோஸுக்கு முன் கார்டிசோன் கொடுத்தால், நீரிழிவுக் குடும்பத்தைச் சேர்ந்த சிலரிடம் மறைந்திருந்த குறை வெளிப்பட்டது. ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவருக்குச் சர்க்கரை ஏறுவது இன்று எல்லாரும் அறிந்தது. உடலில் பொட்டாசியம் குறைந்தால் இன்சுலின் சுரப்பும் குறையும் என்பதை 1965இல் எடுத்துக்காட்டியவரும் அதே கான்தான். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில நீரிறக்கி மாத்திரைகள் சர்க்கரையை ஏற்றுவதற்கு இது ஒரு காரணம்.

இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் ஒரு மருந்து அல்ல, ஓர் அளவுகோல். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் இருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ராசலின் யாலோவும் சாலமன் பெர்சனும், கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினையும் இன்சுலினுக்கு எதிரான எதிர்ப்பொருளையும் கொண்டு, இரத்தத்தில் இருக்கும் மிகச் சொற்ப இன்சுலினையும் அளக்க வழி கண்டார்கள். 1960இல் வந்த அவர்களது கட்டுரை குளுக்கோஸ் சோதனைக்கு இரண்டாவது கோட்டைத் தந்தது. சர்க்கரையின் கோட்டுக்குக் கீழே இன்சுலினின் கோட்டையும் வரைய முடிந்தது. நடுவயதில் நீரிழிவு வந்த பலருக்கு இன்சுலின் இல்லாமல் இல்லை. சிலரிடம் நலமானவர்களைவிட அதிகமாகவே இருந்தது, ஆனால் தாமதமாக வந்தது. ஹிம்ஸ்வொர்த்தின் ஊகத்துக்குக் கால் நூற்றாண்டு கழித்துச் சான்று கிடைத்தது. பெர்சன் 1972இல் இறந்துவிட்டதால் 1977இன் நோபல் பரிசில் இருவரில் யாலோவுக்கு மட்டுமே பங்கு கிடைத்தது.

தாமதம் என்ற சொல்லுக்கும் விரைவில் நுட்பமான பொருள் வந்தது. எலியின் கணையத்தைத் தனியே எடுத்து அதன் வழியே குளுக்கோஸைச் செலுத்திய கரி, பென்னட், கிராட்ஸ்கி ஆகியோர், இன்சுலின் இரண்டு கட்டமாக வெளிவருவதை 1968இல் காட்டினார்கள். சில நிமிடங்களில் முடியும் கூர்மையான முதல் பாய்ச்சல். பிறகு மெல்ல ஏறி நீடிக்கும் இரண்டாவது. நீரிழிவு தொடங்கும்போது முதலில் மங்குவது அந்த முதல் பாய்ச்சல். பீட்டா செல்லுக்குள் நடப்பது 1984 வாக்கில் தெளிவானது. குளுக்கோஸ் செல்லுக்குள் எரிந்து ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைப் பெருக்குகிறது. ஏடிபி ஏறியதும் செல்லின் சுவரிலுள்ள பொட்டாசிய வாயில்கள் மூடுகின்றன. அதனால் மின்னழுத்தம் மாறிக் கால்சியம் உள்ளே பாய, சேமித்து வைத்த இன்சுலின் வெளியே தள்ளப்படுகிறது. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போது இந்தப் பொறி வேகமெடுக்கிறது. 1942இல் பிரான்சின் மான்பெல்லியே நகரில் டைபாய்டு நோயாளிகளுக்குக் கொடுத்த ஒரு சல்ஃபா மருந்து அவர்களது சர்க்கரையை அபாயகரமாக இறக்கியதும், அதிலிருந்து நீரிழிவு மாத்திரைகள் பிறந்ததும் ஏன் என்பதற்கு இங்கேதான் விடை கிடைத்தது. அந்த மருந்துகள் அதே பொட்டாசிய வாயிலை நேரடியாக மூடுகின்றன.

யாலோவின் அளவுகோல் தந்த மிகப் பெரிய வியப்பு வேறு இடத்தில் இருந்தது. 1964இல் லண்டனில் மெக்கின்டயரும் சகாக்களும் ஒரே அளவு குளுக்கோஸைச் சிறுகுடலிலும் சிரையிலும் மாற்றிமாற்றிச் செலுத்தினார்கள். சிரையில் செலுத்தியபோது இரத்தச் சர்க்கரை அதிகம் ஏறியது. குடலில் செலுத்தியபோது சர்க்கரை குறைவாகவே ஏறியது, ஆனால் இன்சுலின் அதிகமாகச் சுரந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் எல்ரிக்கின் குழுவும் இதையே கண்டது. இன்சுலின் சுரப்பைத் தீர்மானிப்பது இரத்தச் சர்க்கரை மட்டும் என்றால் இப்படி நடக்க முடியாது. குடல் ஏதோ செய்தி அனுப்புகிறது.

அந்தச் செய்தியைப் பற்றிய ஊகம் பழையது. 1906இலேயே லிவர்பூலில் மூர், ஈடி, ஆப்ரம் என்ற மூவர் முன்சிறுகுடலின் உட்சவ்விலிருந்து எடுத்த சாற்றை நீரிழிவுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெல்ஜியத்தின் லா பார் 1930களின் தொடக்கத்தில் அந்தப் பொருளுக்கு இன்க்ரெட்டின் என்று பெயரும் வைத்தார். ஆனால் 1940இல் சிகாகோவில் உடலியங்கியலாளர் ஐவியின் குழு, அப்படி ஒன்று இருப்பதே ஐயம் என்று எழுதியது. ஐவியின் பெயருக்கிருந்த கனத்தில் விஷயம் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு முடங்கிக் கிடந்தது. தவறு ஐவியுடையது என்று சொல்வது நியாயமாகாது. இன்சுலினை அளக்க முடியாத காலத்தில் அவரால் சர்க்கரையை மட்டுமே பார்க்க முடிந்தது. 1970களில் ஜான் பிரவுன் பிரித்தெடுத்த ஜிஐபி, 1987 வாக்கில் அடையாளம் காணப்பட்ட ஜிஎல்பி-1 என்ற இரண்டு ஹார்மோன்களும் அந்தப் பழைய ஊகத்தை மெய்ப்பித்தன. வாய்வழி குளுக்கோஸுக்குச் சுரக்கும் இன்சுலினில் பாதிக்குமேல் இவற்றின் தூண்டுதலால் வருவது. இரண்டாம் வகை நீரிழிவில் இந்தத் தூண்டுதல் தேய்ந்துபோகிறது என்று 1986இல் மைக்கேல் நௌக் காட்டினார். இரத்தச் சர்க்கரை ஏறியிருக்கும்போது மட்டும் இந்த ஹார்மோன்கள் இன்சுலினைத் தூண்டும் என்பது மருந்து செய்வோருக்குப் பெரிய வரமாயிற்று. கிலா பல்லியின் உமிழ்நீரில் ஜான் எங் கண்டெடுத்த, ஜிஎல்பி-1 போன்ற ஒரு பொருள் 2005இல் மருந்தாக வந்தது. இன்று உடல் எடைக்கும் சேர்த்துப் பேசப்படும் செமக்ளூட்டைடு அதே குடும்பம்.

அந்தப் பல்லியின் பெயரைக் கொண்ட கிலா ஆற்றின் கரையில், அரிசோனாவில் வாழும் பிமா பழங்குடியினர் இந்தச் சோதனைக்கு அதன் எண்ணைத் தந்தார்கள். 1970கள் வரை பிரிட்டனில் 50 கிராம், அமெரிக்காவில் 100 கிராம், சிலர் உடல் எடைக்கேற்ப என்று ஊருக்கு ஓர் அளவு. ஒரு நாட்டில் நோயாளி எனப்பட்டவர் இன்னொரு நாட்டில் நலமானவர். பிமா மக்களிடம் இரண்டு மணி நேரச் சர்க்கரை தெளிவாக இரண்டு குவியல்களாகப் பிரிவதும், மேல் குவியலில் உள்ளவர்களுக்கே விழித்திரை பழுதுபடுவதும் தெரிந்தது. 1979இல் ஓர் அமெரிக்க வல்லுநர் குழுவும் 1980இல் உலகச் சுகாதார நிறுவனமும் 75 கிராம் கொடுத்து, இரண்டு மணி கழித்து 200 மில்லிகிராமை எட்டினால் நீரிழிவு என்று முடிவு செய்தன. 75 என்பது ஐம்பதுக்கும் நூறுக்கும் இடையே செய்த சமரசம்தான். நீரற்ற குளுக்கோஸில் 75 கிராம் என்பது, கடைகளில் கிடைக்கும் நீரேறிய குளுக்கோஸில் 82.5 கிராம். பல ஆய்வுக்கூடங்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

காலையில் செய்யவேண்டும் என்ற விதியும் வெறும் வசதிக்காக வந்ததன்று. காலையில் சீராக இருப்பவரின் கோடு பிற்பகலிலும் மாலையிலும் உயர்ந்துவிடுவதை 1972இல் லண்டனில் ஜாரட்டும் கீனும் சகாக்களும் இன்சுலின் அளவோடு சேர்த்துக் காட்டினார்கள். உடலின் நாள்கடிகாரம் கணையத்தையும் ஆள்கிறது. உறக்கமும் அப்படியே: 1999இல் வான் காவ்டர் குழு, 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரமே உறங்கவைத்தபோது அவர்களது குளுக்கோஸ் தாங்கும் திறன் கண்கூடாகக் குறைந்தது.

2010 முதல், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை நோயறிய ஏற்கப்பட்டதும் குளுக்கோஸ் தண்ணீருக்கு மதிப்புக் குறைந்தது. அந்தச் சோதனையைக் கைவிட முடியாத இடம் கர்ப்பகாலம். கர்ப்பத்தில் சிவப்பணுக்களின் ஆயுள் மாறுகிறது, இரத்தசோகையும் சேர்கிறது. எனவே சராசரி எண்ணை நம்பமுடியாது. நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் தாயின் உடலை இன்சுலினுக்கு எதிராகத் திருப்பி, குழந்தைக்குக் குளுக்கோஸை ஒதுக்கிவைக்கின்றன. கடைசி மாதங்களில் இணங்கும் தன்மை ஏறத்தாழப் பாதியாகும். பீட்டா செல்கள் இருமடங்குக்கு மேல் உழைத்து ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்ட முடியாதவர்களுக்கே கர்ப்பகால நீரிழிவு. 1964இல் பாஸ்டனில் ஓ'சலிவனும் மஹானும் 752 கர்ப்பிணிகளைச் சோதித்து எல்லைகளை வகுத்தார்கள். அவர்கள் பார்த்தது குழந்தையின் நலனை அல்ல. பின்னாளில் எந்தத் தாய்க்கு நீரிழிவு வரும் என்பதை.

இந்தியாவில் இதற்குத் தனி வழி போட்டவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. தமிழ்நாட்டில் அவரது குழு நடத்திய கள ஆய்வில் கர்ப்பகால நீரிழிவு சென்னை நகரில் 17.8 சதவீதம், சிறுநகர்ப் பகுதியில் 13.8, கிராமப்புறத்தில் 9.9 என்று தெரிந்தது. தொலைவிலிருந்து பேருந்து ஏறி வரும் கர்ப்பிணியை வெறும் வயிற்றோடு வரச் சொல்வதும், மறுநாள் திரும்பி வரச் சொல்வதும் நடக்காத காரியம். ஆகவே சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் கொடுத்து, இரண்டு மணி கழித்து 140 மில்லிகிராமோ மேலோ இருந்தால் நோய் என்று கொள்ளும் ஒற்றைச் சோதனையை அவர் முன்வைத்தார். 2014இல் இந்திய அரசின் வழிகாட்டுதல் இதை ஏற்றது. மறுப்பும் உண்டு. சென்னையிலேயே நடந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வு, உணவுக்குப் பிந்திய சோதனை பலரைத் தவறவிடுவதாகக் கண்டது. முந்திய வேளை உணவு அடுத்த ஏற்றத்தைத் தணிக்கும் என்று ஸ்டாபும் டிராகோட்டும் சொன்னதை வைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. இருந்தாலும் துல்லியமான சோதனைக்கு யாரும் வராமல் போவதைவிட, குறையுள்ள சோதனை எல்லாருக்கும் கிடைப்பது மேல் என்ற வாதம் ஆரம்பச் சுகாதார நிலையத்தின் நடைமுறைக்குப் பொருந்துகிறது.

அந்த வழிகாட்டுதலின்படி முதல் சோதனை கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது, அடுத்தது 24 முதல் 28 வாரத்துக்குள். நோய் இருந்த தாய்க்குப் பிரசவமாகி ஆறு வாரம் கழித்து வெறும் வயிற்றில் இன்னொரு சோதனை உண்டு. கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு. கைக்குழந்தையோடு திரும்பி வர முடியாமல் பலர் விட்டுவிடும் இந்தக் கடைசிச் சோதனையைக் குழந்தையின் ஆறாம் வாரத் தடுப்பூசிக்கு வரும் நாளிலேயே செய்துகொள்ளலாம்.